லாவண்யத்தின் உப்பு

மரக்கானத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி உப்புப் பாத்திகள் விரிந்து கிடக்கும் இடத்தில் ஒரு லாரி நின்றிருந்தது. உப்பு மூட்டைகளை ஏற்றி முடித்துத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பின்பலகையில் மஞ்சள் பெயிண்டில் பெரிதாக ஒரு பெயர்: லாவண்யா. உரிமையாளரின் மகளாக இருக்கலாம், பேத்தியாக இருக்கலாம். சுமக்கிற சரக்குக்கும் சூட்டிய பெயருக்கும் உள்ள உறவைக் கருதி யாரும் அதை எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் எனக்கு அங்கிருந்து கால் நகரவில்லை. லாவண்யா என்ற பெயரைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது உப்பு.

லவணம் என்றால் வடமொழியில் உப்பு. சுந்தரத்தின் தன்மை சௌந்தரியம், மதுரத்தின் தன்மை மாதுரியம், சதுரரின் தன்மை சாதுரியம் என்று ஆவதைப் போல லவணத்தின் தன்மை லாவண்யம் ஆனது. முதல் உயிர் நீளும் அல்லது திரியும், கடைசியில் 'யம்' வந்து ஒட்டும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'உப்புத்தன்மை' என்றுதான் வரும். தமிழில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் நம் முன்னோர் ஓர் இகரத்தை முன்னே நிறுத்தி இலவணம், இலாவண்ணியம் என்று எழுதினார்கள். நாட்டு மருந்துக் கடையில் இன்றும் பஞ்சலவணம் கேட்டால் ஐந்து வகை உப்பைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். புராணங்கள் சொல்லும் ஏழு கடல்களில் நாவலந்தீவைச் சுற்றிக் கிடக்கும் முதல் கடலின் பெயர் லவண சமுத்திரம். அதே வேர்தான் லலிதா சகஸ்ரநாமம் ஓதும் வீடுகளில் வேறு உடையில் வருகிறது. அம்பாளின் ஆயிரம் பெயர்களில் ஒன்று அவளை லாவண்யத்தின் பெருங்கருவூலம் என்கிறது.

அழகைச் சொல்ல நமக்குச் சொற்பஞ்சம் கிடையாது. எழில், கவின், வனப்பு, ஏர், முருகு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். தொல்காப்பியம் செய்யுளுக்கே எட்டு வனப்புகளைச் சொல்லி, அவற்றில் ஒன்றுக்கு 'அழகு' என்றே பெயரிட்டிருக்கிறது. அப்படியிருக்க, உப்பிலிருந்து பிறந்த இந்தச் சொல் அகராதியில் 'அழகு' என்ற ஒற்றைப் பொருளோடு அடங்கிப்போவது எனக்கு வருத்தம் தருகிறது. அழகு எங்கே இருக்கிறது என்ற பழைய கேள்விக்கு ஒரு தரப்பின் வாதம் முழுவதும் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

அந்த வாதத்தைக் கூர்மையாக்கியவர் ஆனந்தவர்த்தனர். 9-ஆம் நூற்றாண்டுக் காஷ்மீரத்தில், அவந்திவர்மன் அரசாண்ட காலத்தில், 'த்வன்யாலோகம்' எழுதியவர். கவிதையின் உயிர் சொல்லிலும் அணியிலும் நேர்ப்பொருளிலும் அடங்காமல் அவற்றுக்கு மேலாகக் குறிப்பாக ஒலிக்கிற ஒன்றில் இருக்கிறது என்பது அவர் கட்சி. அந்த ஒன்றுக்குத் த்வனி, தொனி என்று பெயர். அது எப்படிப்பட்டது என்று விளக்க அவருக்கு ஓர் உவமை தேவைப்பட்டது. பெண்ணின் உடலில் எல்லோரும் அறிந்த உறுப்புகள் இருக்கின்றன. அவற்றில் எதுவும் ஆகாமல், அவற்றை விட்டு வேறாகவும் நிற்காமல் ஒளிர்கிற லாவண்யம் இருக்கிறது. மகாகவிகளின் வாக்கில் தொனி அப்படி இருக்கிறது என்றார்.

சுமார் கி.பி. 1000 வாக்கில் அதே காஷ்மீரத்தில் அந்த நூலுக்கு உரை எழுதிய அபிநவகுப்தர் இந்த உவமையில் கொஞ்ச நேரம் நிற்கிறார். லாவண்யம் என்பது உறுப்புகள் குறையில்லாமல் இருப்பதா? நகை பூட்டியிருப்பதா? இரண்டும் இல்லை என்பதற்கு அவர் காட்டும் சான்று பேச்சுவழக்கு. ஒவ்வோர் உறுப்பாகப் பார்த்தால் பழுது சொல்ல முடியாத, நன்றாக அலங்கரித்துக்கொண்ட ஒருத்தியை 'லாவண்யம் இல்லை' என்று ரசிகர்கள் தள்ளுவதும், அந்தப் பொருத்தங்கள் எதுவும் வாய்க்காத இன்னொருத்தியை லாவண்ய அமுதின் நிலவு என்று கொண்டாடுவதும் உலகில் நடக்கிறதல்லவா என்று கேட்கிறார். நம் வீடுகளிலும் இதே பேச்சு உண்டு. "மூக்கும் முழியுமா லட்சணமாத்தான் இருக்கா, ஆனா முகத்துல ஒரு களை இல்ல" என்று பெண் பார்த்துவிட்டு வந்த பாட்டி சொல்வாள். பெண்ணை அப்படி நிறுத்தி எடைபோடும் வழக்கம் எனக்கு உவப்பில்லை. ஆனால் லட்சணம் வேறு, களை வேறு என்று அந்தப் பாட்டி பிரிக்கிற இடமும் அபிநவகுப்தர் பிரிக்கிற இடமும் ஒன்றுதான்.

இப்படி யோசித்தது இந்தியா மட்டும் இல்லை. கிரேக்கச் சிற்பிகளும் அவர்களுக்குப் பின் வந்த தத்துவவாதிகளும் அழகு என்றால் உறுப்புகளின் அளவுப் பொருத்தம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 3-ஆம் நூற்றாண்டில் புளோட்டினஸ் அதை மறுத்தார். அளவுகள் மாறாத ஒரே முகம் ஒரு நேரம் அழகாகத் தெரிகிறது, ஒரு நேரம் தெரியவில்லை. இறந்தவர் முகத்தில் அளவுகள் அப்படியே இருக்கின்றன, ஒளி போய்விடுகிறது. அப்படியானால் அளவின் மேல் வந்து படிகிற ஒன்றுதானே அழகு என்பது அவர் கேள்வி. அவர் உப்பைச் சொல்லவில்லை. அவருக்கு முன்னரே, கி.மு. முதல் நூற்றாண்டு ரோமில், கட்டுல்லுஸ் என்ற கவிஞர் சொல்லியிருந்தார். ஊரே அழகி என்று கொண்டாடிய ஒருத்தியின் உயரம், நிறம், நிமிர்வு எல்லாவற்றையும் தனித்தனியாக ஒப்புக்கொண்டுவிட்டு, மொத்தத்தில் அழகி என்று மட்டும் ஒப்புக்கொள்ள மறுக்கிறார். காரணம், அந்த உடம்பில் உப்பு இல்லையாம். அரபியில் உப்பு 'மில்ஹ்'. அதே வேரில் 'மலீஹ்' என்றால் அழகான, இனிய. பாரசீகத்திலும் உருதுவிலும் 'நமக்' உப்பு, 'நமக்கீன்' என்றால் உப்பிட்டது, கவர்ச்சியானது. இந்தியில் 'சலோனா' என்ற சொல் ச-லவணம், அதாவது உப்போடு கூடியது என்பதிலிருந்து தேய்ந்து வந்தது. மாநிறத்து அழகைப் புகழ அதைச் சொல்வார்கள். நம் ஊர்களிலும் கேட்கும் சலோனி என்ற பெயர் அந்த வழியில் லாவண்யாவின் தங்கை.

இத்தனை மொழிகள் ஒரே பண்டத்தை ஏன் தேடிப் போயின? இதற்குப் பதிலை நான் அகராதிகளில் தேடிக் களைத்த பிறகுதான் மரக்கானம் வந்தேன்.

தூத்துக்குடி, வேதாரண்யம் அளவுக்கு வெளியூரில் பெயர் எடுக்காவிட்டாலும், இது பழைய நெய்தல் மண். சிறுபாணாற்றுப்படை பேசும் ஓய்மா நாட்டு எயிற்பட்டினம் இந்தப் பகுதிதான் என்று அறிஞர் பலர் அடையாளம் காட்டுகிறார்கள். ஊருக்குள் சோழர் காலக் கல்வெட்டுகளோடு பூமீஸ்வரர் கோயில் நிற்கிறது. ஆந்திரத்திலிருந்து இறங்கி வரும் பக்கிங்காம் கால்வாய் இங்கே முடிகிறது. அருகில் கழுவெளி; 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட உவர்நீர்ப் பரப்பு. உப்பு விளையும் நிலத்துக்குப் பழந்தமிழில் அளம் என்று பெயர். பேரளம், கோவளம் போன்ற ஊர்ப் பெயர்களில் அந்தச் சொல் இருக்கிறது என்பார்கள். அளத்தையும் அளவையும் முடிச்சுப் போட்டு ஒரு வேர்க்கதை சொல்ல எனக்கும் ஆசை எழுந்தது. ஓசை ஒத்துவருவது மட்டும் உறவுக்குச் சான்றாகாது என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

மழைக்காலம் ஓய்ந்து தை பிறந்ததும் பாத்திகளைச் செப்பனிடுவார்கள். களிமண் தரையை மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்புள்ள கடல்நீர், உப்பின் செறிவை அளக்கும் மானியில் ஏறக்குறைய 3 டிகிரி காட்டும். அதைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் காயவிட, 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு படியத் தொடங்கும். 29 டிகிரிக்கு மேல் போகவிட்டால் மக்னீசியம் சார்ந்த கசப்பு உப்புகளும் கூடப் படிந்து சரக்கு கெடும். அதற்குள் வாரிவிட வேண்டும். பங்குனி, சித்திரையில் இந்த வேலை உச்சத்தில் இருக்கும்.

காலையில் ஒரு வரப்பில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சாந்தோக்கிய உபநிடதத்தின் உத்தாலகர் நினைவுக்கு வந்தார். மகன் சுவேதகேதுவிடம் உப்பைக் கொடுத்து, இரவு தண்ணீரில் போடச் சொல்கிறார். மறுநாள் காலை, அந்த உப்பை எடுத்து வா என்கிறார். தேடினால் கிடைக்கவில்லை. மேலே பருகிப் பார், நடுவில் பருகிப் பார், அடியில் பருகிப் பார் என்கிறார். எங்கும் உப்பு. எங்கும் இருக்கிறது, எந்த இடத்திலும் சுட்டிக்காட்ட முடியவில்லை. ஆன்மாவைச் சொல்ல அவர் கண்ட வழி அது. ஆனந்தவர்த்தனர் அழகுக்குச் சொன்ன வழியும் கிட்டத்தட்ட அதுவே. கண்ணில் இருக்கிறதா, நெற்றியில் இருக்கிறதா என்று கைவைத்துக் காட்ட முடியாதது, முழுதும் கரைந்து நிற்பது. மரக்கானத்தில் அந்தச் சோதனை தலைகீழாக நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் நீரில் கரைந்திருப்பதை வெயிலும் காற்றும் மனிதக் காலும் சேர்ந்து கையில் அள்ளும் பொருளாக்குகின்றன. முதலில் நீரின் மேல் மெல்லிய ஏடாகப் படர்வதை 'உப்பு பூக்குது' என்கிறார்கள்.

லாவண்யத்துக்கு உப்பு எப்படி உவமையானது என்பதில் இரண்டு பார்வைகள் உண்டு. ஒன்று சுவை. உப்பு தன்னை முன்னிறுத்தாமல் மற்றதன் சுவையை எழுப்புகிறது. இருக்கும்போது யாரும் அதைப் பேசுவதில்லை, இல்லாதபோது மொத்தச் சாப்பாடும் குப்பைக்குப் போகிறது. மற்றது ஒளி. 16-ஆம் நூற்றாண்டில் பிருந்தாவனத்தில் 'உஜ்வலநீலமணி' எழுதிய ரூப கோஸ்வாமி, முத்துக்குள் ததும்புகிற ஒளியைப் போல உறுப்புகளில் மின்னுவதே லாவண்யம் என்று வரையறுத்தார். உப்பின் சுவையை அவர் அங்கே நினைக்கவில்லை, பளபளப்பைத்தான் நினைத்தார்.

வாரிய உப்பை வரப்போரம் குவித்துக்கொண்டிருந்த மூத்த பெண் ஒருவரிடம், "நல்ல உப்புன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"பாத்தா எல்லாம் வெள்ளையாத்தான் இருக்கும் தம்பி. கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. கையில அள்ளி வுட்டா கல்லு கல்லா வுழணும், ஒட்டக் கூடாது" என்றார். சற்று நேரம் கழித்து, "மத்தியானம் நிக்காதீங்க. கண்ணு கூசும், அப்புறம் ரவைக்கெல்லாம் எரியும்" என்றார்.

அவருக்கு ஒளி, சுவை இரண்டுமே அளவுகோல் இல்லை. ஒளி அவர் கண்ணைக் கெடுக்கிறது. பாதங்களில் வெடிப்பு ஓடியிருந்தது. நல்லதை அறிவது அவர் கை. ஐரோப்பியத் தத்துவம் இந்த இடத்தில்தான் நெடுநாள் இடறியது. 1735-இல் பௌம்கார்ட்டன் 'ஈஸ்தெட்டிக்ஸ்' என்று இன்று வழங்கும் துறைக்குப் பெயர் சூட்டியபோது, புலனறிவைக் குறிக்கும் 'ஐஸ்தேசிஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். 1750-இல் அதே பெயரில் நூலும் எழுதினார். அழகு என்ற பொருள் அந்தப் பெயரில் இல்லவே இல்லை. தொட்டும் கேட்டும் கண்டும் அறிவது என்பதுதான் உண்டு. ஹியூம் 1757-இல் ரசனை பற்றி எழுதிய கட்டுரையில் 'டான் கிஹோட்டே' கதையிலிருந்து ஒன்றைச் சொல்கிறார். இருவர் ஒரு பீப்பாய் மதுவைச் சுவைக்கிறார்கள். நல்ல மதுதான், ஆனால் தோல் வாடை அடிக்கிறது என்கிறார் ஒருவர்; இரும்பு வாடை என்கிறார் மற்றவர். எல்லோரும் நகைக்கிறார்கள். பீப்பாய் காலியானதும் அடியில் தோல்வாரில் கட்டிய ஒரு சாவி கிடக்கிறது. ஆனால் 1790-இல் கான்ட், நாக்குக்கு இனிப்பது வேறு, அழகு வேறு என்று கோடு கிழித்துவிட்டார். நாக்கின் இன்பம் அவரவர்க்கு. அழகென்று தீர்ப்புச் சொல்பவரோ எல்லோர் சார்பிலும் பேசுகிறார் என்பது அவர் நியாயம்.

நம் பக்கம் அந்தக் கோடு அவ்வளவு அழுத்தமாக விழவில்லை. நாட்டிய சாஸ்திரம், பல பண்டங்கள் சேர்ந்து சமையலில் சுவை பிறப்பதைப் போல மேடையில் ரசம் பிறக்கிறது என்று அடுப்படியிலிருந்தே தொடங்குகிறது. மேடையில் பிறப்பதற்கும் நாவில் பிறப்பதற்கும் சுவை என்ற ஒரே சொல் தமிழில். கவிதையை வாயில் போட்டுச் சுவைப்பதுபோல் சொல்லிச் சொல்லிக் காட்டிய டி.கே. சிதம்பரநாத முதலியாரை ரசிகமணி என்றே அழைத்தோம். நன்றாக அமையாத படத்தையும் பேச்சையும் 'உப்புச்சப்பில்லாதது' என்கிறோம். இதைவிடச் சுருக்கமான விமர்சனச் சொல் எந்த மொழியில் உண்டு என்று தெரியவில்லை. 'அழகியல்' என்ற இன்றைய பெயர் இந்த நாக்கை விட்டுவிட்டது என்பது என் குறை. திரு.வி.க. 1925-இல் 'முருகன் அல்லது அழகு' எழுதினார். முருகு என்ற சொல்லில் அழகோடு மணமும் இளமையும் தெய்வமும் சேர்ந்து கிடக்கின்றன. இலங்கைத் தமிழர் இந்தத் துறையை முருகியல் என்றும் வழங்குவதைக் காணும்போது, ஒரு புலனாவது, மணமாவது, உள்ளே வந்ததே என்று மகிழ்கிறேன்.

ஓவியரும் உப்பை விடவில்லை. காமசூத்திரத்துக்கு யசோதரர் எழுதிய 'ஜயமங்கலா' உரை ஓவியத்துக்கு ஆறு அங்கங்கள் சொல்கிறது. உருவ வேறுபாடு, அளவு, பாவம் என்ற மூன்றுக்கு அடுத்தது லாவண்ய யோஜனம், லாவண்யத்தைச் சேர்த்தல். அளவு தனி அங்கம், லாவண்யம் தனி அங்கம். புளோட்டினஸ் வாதாடிப் பிரித்ததை இங்கே ஒரு பட்டியல் பிரித்துவிட்டது. அவனீந்திரநாத் தாகூர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஆறையும் தூசிதட்டி எடுத்துத் தம் தலைமுறை ஓவியர்களுக்குக் கொடுத்தார். 1877-இல் கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1934-இல் வெளியான நூலில் இந்தியக் கலைக்கோட்பாட்டை உலகின் பிற மரபுகளோடு சமமாக உட்கார வைத்தார். 'சேர்த்தல்' என்ற சொல்லில் சமையலறை வாசம் எனக்கு அடிக்கிறது. கடைசியில், கொதிக்கும்போது, கை அறிந்த அளவில் போடுவது.

இனி, என்னை உறுத்திக்கொண்டிருந்த ஒன்று. தமிழில் உப்பும் உவர்ப்பும் அழகுப் பக்கம் போகவில்லையே? 'உவர்த்தல்' என்பதற்குக் கரித்தல் ஒரு பொருள், வெறுத்தல் இன்னொரு பொருள். அதே சுவை வடமொழியில் அழகாகவும் தமிழில் அருவருப்பாகவும் ஏன் பிரிந்தது? கடலை விட்டுத் தொலைவில் இருப்பவருக்கு உப்பு அரிய பண்டம். கரையில் வாழ்பவருக்கு அது கிணற்றைக் கெடுப்பது, பயிரைக் கருக்குவது, காலை அரிப்பது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். வள்ளுவரும்கூட உப்பை அளவுக்குத்தான் காட்டுகிறார். புலவி உணவில் உப்பைப் போல, கொஞ்சம் நீண்டாலும் மிகையாகிவிடும் என்பது புலவி அதிகாரத்துக் குறள்.

அகநானூற்றின் 390-ஆம் பாட்டைத் திரும்பப் படித்தபோது என் சமாதானம் உடைந்தது. பாடியவர் அம்மூவனார், ஐங்குறுநூற்றில் நெய்தல் நூறையும் பாடிய நெய்தல் புலவர். உமணர் வீட்டுப் பெண் ஒருத்தி தழையுடை அசையச் சேரி சேரியாக உப்பு விற்று வருகிறாள். நெல்லுக்கு உப்பு நேர், கொள்கிறீர்களா என்று கூவுகிறாள். ஓர் இளைஞன் வழியை மறிக்கிறான். விற்கிற உப்புக்கு விலை சொல்லிவிட்டாய், உன் உடம்பில் குடியிருக்கும் உப்புக்கு என்ன விலை, அது எங்களுக்குத் தெரியவில்லையே என்கிறான்.

அதை உடலின்பம் என்று மட்டும் பொருள்கொண்டு கடந்துவிடலாம். நான் கடக்க மாட்டேன். மெய்யில் வாழ்கிற உப்பு என்று ஒரு தமிழ்ப் புலவர் ஆனந்தவர்த்தனருக்குப் பல நூற்றாண்டு முன்பே எழுதிவிட்டார். 'வாழ்கிற' என்ற சொல்லைக் கவனியுங்கள். பூசியதோ பூட்டியதோ அப்படி வாழாது. யாரிடமிருந்து யார் பெற்றார் என்று நான் வழக்காட வரவில்லை. ரோமாபுரிக் கவிஞருக்கும் அம்மூவனாருக்கும் தொடர்பு தேடினால் அது கதையாகிவிடும். உப்போடு வாழ்ந்தவர்கள் தனித்தனியே இந்த முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் போதும். ஆனால் அம்மூவனாரிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. அவர் இரண்டு உப்பையும் ஒரே தெருவில் வைக்கிறார். ஒன்றுக்கு மரக்கால் இருக்கிறது, நெல்லுக்கு நேர் என்ற கணக்கு இருக்கிறது, சுமக்கும் தோள் இருக்கிறது. மற்றதற்கு அளவையே இல்லை. இரண்டும் ஒருத்தியிடமே இருக்கின்றன, அவள் வேலைக்கு நடுவில் நிற்கிறாள்.

அவளும் பதில் விலை சொல்வதில்லை. மையுண்ட கண்ணால் ஒரு பார்வை பார்த்து, யார் நீங்கள், ஏன் என் வழியை மறிக்கிறீர்கள் என்று கேட்டு, சிறு முறுவலோடு விலகிப் போகிறாள்.

மூட்டைகளின் மேல் கடைசி முடிச்சும் விழுந்துவிட்டது. "சார், கொஞ்சம் ஓரமா நில்லுங்க, வண்டி பின்னாடி வருது" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். வரப்பில் இறங்கி வழிவிட்டேன். மஞ்சள் எழுத்துகள் அருகே வந்து நின்று, திரும்பி, திண்டிவனம் பக்கமாகப் போயின.